நவாலி 1995: இரண்டு முன்பக்கங்களும் ஒரு கடைசிப் பக்கமும்

கேள்வி: 2024 பெப்ரவரி 4, மாலை

நவாலித் தேவாலயத்தில் விமானக் குண்டுகள் விழுந்த 1995 ஜூலை மாதத்துப் பத்திரிகைகளை இரண்டு வாரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அச்சானதையும் கொழும்பில் அச்சானதையும் அருகருகே வைத்தால், வேறு வேறு நாடுகளில் நடந்த இரண்டு போர்களைப் படிப்பது போலிருக்கிறது. போர் முடிந்தபோது எனக்கு ஏழு வயது, அதுவும் வெளிநாட்டில். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் யாவும் ஏதோ ஒரு தரப்பின் பிரசாரம் என்றும், அவற்றை வைத்து வரலாறு எழுத முடியாது என்றும் என் பேராசிரியர் சொல்கிறார். அங்கே இருந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

2024 பெப்ரவரி 4, இரவு

நான் 1992 முதல் 1995 ஒக்டோபர் வரை யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் ஒப்புநோக்காளனாக வேலை செய்தேன். மூலப்படியையும் அச்சுப்படியையும் வைத்துக்கொண்டு எழுத்துப் பிழை பார்ப்பதே என் வேலை. செய்தி எழுதும் உரிமை எனக்கு ஒருநாளும் இருக்கவில்லை. ஆகவே நான் சொல்வதை நிருபரின் சாட்சியமாகக் கொள்ள வேண்டாம். ஒரு பத்திரிகையின் ஒவ்வோர் எழுத்தையும் மூன்றரை ஆண்டுகள் இரண்டு தடவை வாசித்தவனின் சாட்சியம் இது.

முன்பக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் பேராசிரியர் சொல்வது பெருமளவு சரி. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. எரிபொருளும் பற்றரியும் வடக்குக்குக் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருட்களின் நீண்ட பட்டியலில் இருந்தன. அச்சுத்தாள் கிடைக்காத நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் அச்சிட்டோம். கொழும்பில் நடப்பதை வானொலி வழியாகவே அறிந்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார், டைனமோவில் வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசையும், மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் வானொலியும் பாடும், இன்னொருவர் குறிப்பெடுப்பார். சுற்றுகிற கை ஓய்ந்தால் குரல் தேயும். தேய்ந்த இடத்தில் ஓர் எண்ணிக்கை வந்திருந்தால் மறுநாள் எங்கள் பத்திரிகையில் அது "பலர்" என்று வரும். இன்று அந்தப் பக்கங்களை ஆராய்கிற ஒருவர், எண்ணிக்கையை ஆசிரியர் ஏன் மறைத்தார் என்று கேட்கக்கூடும்; மறைத்தவர் எவருமில்லை, சைக்கிள் சுற்றியவருக்குக் கை வலித்தது.

களமுனைச் செய்தி விடுதலைப் புலிகளின் அறிக்கையாக வந்தது. அதில் ஒரு சொல்லை மாற்றும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. கொழும்புப் பத்திரிகையில் அதே இடத்தைப் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை பிடித்திருந்தது. சுதந்திரமான செய்தியாளர்கள் வடக்கே வருவதற்கு அனுமதி கிடைப்பது அரிது என்பதால் அங்கிருந்த நல்ல பத்திரிகையாளருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் நீங்கள் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே மரண அறிவித்தல்கள் இருக்கும். "மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் கொக்குவிலைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட" என்று ஓர் அறிவித்தல் தொடங்கினால், அந்த ஒற்றை வரியில் 1990 இல் மயிலிட்டி மக்கள் எழுப்பப்பட்டதும், அவர்கள் எங்கே போனார்கள் என்பதும், அந்த ஆண்டுவரை திரும்பவில்லை என்பதும் இருக்கின்றன. "தற்காலிக" என்ற சொல்லை மட்டும் பத்து ஆண்டுப் பத்திரிகைகளில் தேடித் தொகுத்தால் இடப்பெயர்வின் வரைபடம் ஒன்றே கிடைக்கும். இறந்த 31ஆம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியை எங்கே நடைபெறும் என்ற வரியையும் பாருங்கள். வழக்கமாகக் கீரிமலை என்று வரவேண்டிய இடத்தில் வேறு இடங்கள் வரும். கீரிமலை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. எந்தத் தணிக்கை அதிகாரியும், எந்த இயக்கத்துப் பொறுப்பாளரும் இந்த வரிகளைத் திருத்தியதில்லை.

2024 பெப்ரவரி 5, காலை

நேற்று "கொழும்புப் பத்திரிகை" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன், அது நியாயமில்லை. தினகரன் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ஏடு. அந்த நிறுவனம் 1973 முதல் அரசின் கையில். வீரகேசரி 1930 இல் தமிழகத்திலிருந்து வந்த செட்டியார் ஒருவர் தொடங்கிய தனியார் ஏடு. இரண்டும் கொழும்பில், ஒரே தணிக்கையின் கீழ், ஒரே அறிக்கையை வெளியிட்ட நாட்களிலும் பத்திகளின் வரிசை வேறாக இருக்கும். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பொதுமக்கள் முதற்பத்தியிலா ஆறாம் பத்தியிலா என்பதைக் குறித்துக்கொண்டு போனால், எந்த ஆசிரியர் எந்த நாளில் எவ்வளவு தூரம் துணிந்தார் என்பது தெரியும்.

2024 பெப்ரவரி 6, இரவு

சொற்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். முன்பக்கத்தைக்கூட வாசிக்க முடியும் என்பதற்கு அவைதான் சாவி.

ஒரே மனிதர் இறந்ததற்கு நாங்கள் எத்தனை வினைச்சொற்கள் வைத்திருந்தோம் என்று எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது. கொல்லப்பட்டார், பலியானார், உயிரிழந்தார், சாவடைந்தார், வீரச்சாவடைந்தார், அகால மரணமடைந்தார். எதிர்த்தரப்பில் அழிக்கப்பட்டார். எந்த வினை எவருக்கு என்பதற்கு எழுதி ஒட்டிய விதி எதுவும் கிடையாது. ஆனாலும் பதினாறு வயது அச்சுக்கோப்பாளருக்குக்கூட அது தெரிந்திருந்தது.

எங்கள் செய்தி ஆசிரியர் எனக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தந்தது வாக்கியத்தின் வாலைப் பற்றியது. "தெரியவருகிறது" என்று முடிந்தால் எங்கள் நிருபர் நேரில் கண்டிருக்கிறார், அவரைக் காட்டிக்கொடுக்க முடியாது. "தெரிவிக்கப்படுகிறது" என்று முடிந்தால் அது யாரோ தந்த அறிக்கை. "கூறப்படுகிறது" என்று முடிந்தால் எங்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆகையால் நான் பிழை பார்க்கும்போது இந்த மூன்றில் ஒன்று இன்னொன்றாக மாறிவிடக் கூடாது என்பதில் ஒற்றுப் பிழையைவிட அதிகக் கவனம் செலுத்த வேண்டியிருந்தது. மற்றப் பத்திரிகைகள் இதே முறையைப் பின்பற்றின என்று நான் உறுதி தர மாட்டேன். ஒரு பத்திரிகையின் ஆறு மாத இதழ்களைத் தொடர்ந்து வாசித்தால் அந்தந்த மேசையின் இலக்கணம் பிடிபடும். ஒரே ஒரு நாள் இதழை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இன்னொரு சொல், "இனந்தெரியாதோர்." இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார் என்ற வாக்கியத்தை இலங்கைத் தமிழர் எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்போம்! சட்டப்படி அதில் பொய் இல்லை. சுட்டவரின் பெயர் நிருபருக்குத் தெரியாது. வந்தவர்கள் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், எந்தத் திசைக்குப் போனார்கள் என்பது மட்டும் தெருவுக்கே தெரியும். மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், இராணுவக் காவல் நிறைந்த யாழ்ப்பாண நகரில், தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். பிபிசிக்கும் வீரகேசரிக்கும் சிங்கள வார ஏடான ராவயவுக்கும் செய்தி தந்தவர் அவர். பிறருடைய சாவுகளுக்காக அவர் எழுத நேர்ந்த அதே சொல்லைத்தான் அவருடைய சாவுக்கும் எழுதினார்கள். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

2024 பெப்ரவரி 8, இரவு

நவாலியைப் பற்றி நேரடியாக எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். நான்கு நாட்களாக நான் சுற்றிச் சுற்றி எழுதியது அதைத் தள்ளிப்போடத்தான் என்று இப்போது படுகிறது.

1995 ஜூலை 9 அன்று இராணுவம் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் வடமேற்குப் பக்கமாக "முன்னேறிப் பாய்தல்" என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. காலையிலிருந்து எறிகணைகள் விழுந்தன. மக்கள் கோயில்களிலும் தேவாலயங்களிலும் தங்க வேண்டும் என்று படைத்தரப்பு அறிவித்திருந்தது. ஆகையால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அருகிலுள்ள சின்னக்கதிர்காம முருகன் கோயிலிலும் நிறைந்திருந்தார்கள். மாலையில் விமானக் குண்டுகள் அங்கே விழுந்தன.

முதல் நாட்களில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் சொன்ன எண் 65 பேர். பின்னர் இறந்தவர் தொகை 120க்கும் மேல் என்று ஆனது. செஞ்சிலுவைச் சங்கம் அறிக்கை வெளியிட்டதை அரசு கடிந்துகொண்டது. ஆதலால் கொழும்பு ஏடுகள் சிலவற்றில் சாவுகளைவிட அந்த அறிக்கை பற்றிய தகராறே பெரிய செய்தியாக இருந்தது. நீங்கள் கண்ட "இரண்டு போர்கள்" உருவான விதம் இதுதான். ஒரு பக்கம் உடல்களை எண்ணிக்கொண்டிருந்தது, மறுபக்கம் எண்ணியவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. சில நாட்களில் புலிகள் "புலிப்பாய்ச்சல்" என்ற எதிர்த்தாக்குதலை நடத்தினார்கள், இராணுவம் பின்வாங்கியது. அத்தோடு எங்கள் முன்பக்கமும் நவாலியை விட்டு வெற்றிச் செய்திக்குப் போய்விட்டது. இதை நான் மறைக்கக் கூடாது. இன்னும் மண் மூடி முடியாத சாவுகளை நாங்களும் ஆறாம் நாளில் உள்பக்கத்துக்குத் தள்ளினோம்.

அந்த முதல் இரவு யாழ். போதனா வைத்தியசாலையிலிருந்து பெயர்ப் பட்டியல் கையெழுத்தில் வந்தது. எழுதியவர் நின்றுகொண்டே எழுதியிருக்க வேண்டும். எழுத்துகள் சரிந்து கிடந்தன. மின்பிறப்பாக்கிக்கான எண்ணெய் அச்சு இயந்திரத்துக்கு மட்டுமே போதும் என்பதால் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் பிழை பார்த்தோம். போத்தலுக்குள் சிறிது பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய், மேலே சைக்கிள் வால்வில் செருகிய திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு பெயரின் முன்னெழுத்து "செ." என்றிருந்ததை "சி." என்று விட்டுவிட்டேன்.

சி. என்ற முன்னெழுத்துடன் அதே பெயரில் வேறொருவர் ஆனைக்கோட்டையில் இருந்தார். காலையில் பத்திரிகை போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டில் சாவுக்குரல் எழுந்தது. பிற்பகல் அவர் சைக்கிளில் வீடு வரும்வரை அது அடங்கவில்லை. அதை எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். இறந்த செ. அவர்களின் வீட்டார் பட்டியலில் தங்கள் மனிதரின் பெயரைக் காணாமல், உயிரோடு எங்கோ இருக்கிறார் என்று நம்பி, இரண்டு நாட்கள் வார்டு வார்டாகத் தேடியதைப் பற்றி எவரும் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருடைய தமையனார் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் எனக்கே தெரியும். அவர் கோபப்படவில்லை. "தம்பி, இந்த எழுத்தை மாத்திப் போடுவியளோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே உங்கள் ஆராய்ச்சிக்கு நான் சொல்லக்கூடியது, முதல் நாள் பட்டியலை இறுதிப் பட்டியலாக எடுக்காதீர்கள். அடுத்த இரண்டு வாரத்துத் திருத்தங்களைத் தேடுங்கள். பிறகு ஓகஸ்ட் 9 ஆம் திகதி இதழின் கடைசிப் பக்கத்தைத் திறந்து 31ஆம் நாள் நினைவஞ்சலிகளை எண்ணுங்கள்.

2024 பெப்ரவரி 9, காலை

திருத்தம். இறந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதால் ஜூலை 9க்கு 31ஆம் நாள் ஓகஸ்ட் 8. அதோடு, காயப்பட்டுச் சில நாட்கள் கழித்து இறந்தவர்களுக்கு நாள் தள்ளிப்போகும். ஓகஸ்ட் 8 முதல் மாத இறுதிவரை பாருங்கள்.

2024 பெப்ரவரி 11, இரவு

முதற்குறிப்பில் மரண அறிவித்தல்களை எவரும் திருத்தியதில்லை என்று எழுதினேன். இரண்டு நாட்களாக அந்த வாக்கியம் என்னை உறுத்துகிறது. வெளியிலிருந்து எவரும் திருத்தவில்லை என்பது உண்மை. வீட்டார் தாங்களே திருத்தினார்கள்.

1993 இல் என்று நினைக்கிறேன், முதியவர் ஒருவர் மகனின் மரண அறிவித்தலோடு வந்தார். பணம் கட்டி, மூலப்படியைத் தந்துவிட்டு, அச்சாகும்வரை வாங்கில் அமர்ந்திருந்தார். அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. "அழைத்துச் செல்லப்பட்டு" என்று தொடங்கிய ஒரு வரி பேனையால் அடிக்கப்பட்டு, மேலே "அகால மரணமடைந்தார்" என்று எழுதப்பட்டிருந்தது. அடித்த கோடு தாளைக் கிழித்திருந்தது. ஒப்புநோக்காளன் அடித்ததை வாசிக்கக் கூடாது என்பது தொழில் ஒழுக்கம், நான் வாசித்தேன். யார் அழைத்துச் சென்றார்கள் என்று அதில் எழுதப்படவில்லை. அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஒருவரை அழைத்துச் செல்லக்கூடியவர்கள் யார் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

விமானக் குண்டில் இறந்தவரின் வீட்டார் "விமானக் குண்டுவீச்சில்" என்று வெளிப்படையாக எழுத முடிந்தது. எங்கள் தரப்பாரின் கையால் இறந்தவரின் வீட்டாருக்கு "அகால" என்ற மூன்று எழுத்துகள்தான் கிடைத்தன. நோயால் இளவயதில் இறந்தவருக்கும் விபத்தில் இறந்தவருக்கும் அதே சொல் வழங்கியதால், எண்ணித் தொகுக்க முயல்கிறவருக்கு அது சுவர் போல நிற்கும். அந்தச் சுவரின் இருப்பையாவது உங்கள் ஆய்வில் பதிவுசெய்யுங்கள்.

2024 பெப்ரவரி 13, மாலை

நான் புலிகளையும் அரசையும் சமப்படுத்துவதாக ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். வான்படை வைத்திருந்தவரையும் வைத்திராதவரையும் நான் சமப்படுத்தவில்லை. பத்திரிகை எதை எழுத முடிந்தது, எதை எழுத முடியவில்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு எல்லாத் தரப்பும் பதில்சொல்ல வேண்டியிருக்கிறது.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1959 இல் தொடங்கிய, மண்ணின் முதற்பெரும் ஏடு. 1983 ஜூலை முதலாம் திகதி, யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்த சற்றர்டே ரிவியூ வார இதழ் முத்திரையிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, ஜூலை 25 காலையில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட செய்தி கொழும்பு ஏடுகளில் பெரிய எழுத்தில் வந்தது. அதற்குப் பழிவாங்கலாக யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வரவில்லை. பாதிச் செய்தி மட்டும் தெரிந்த நகரத்தில் அன்று தமிழருக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். என் மாமா வெள்ளவத்தையில் அந்தப் பத்திரிகையை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தபோதே தெருவின் முனையில் புகை எழுந்ததாகச் சொல்வார்.

1987 ஒக்டோபர் 10 அன்று இந்தியப் படையினர் ஈழமுரசு, முரசொலி ஆகிய ஏடுகளின் அச்சகங்களைத் தகர்த்தார்கள். பதினோரு நாட்கள் கழித்து, தீபாவளி அன்று, யாழ். வைத்தியசாலைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். அந்த வாரங்களில் எங்கள் கைக்கு யாழ்ப்பாணப் பத்திரிகை எதுவும் வரவில்லை. கண்முன்னே நடந்தது குறுக்குச் சூட்டில் நேர்ந்த இழப்பு என்று வெளியுலகுக்குச் சொல்லப்பட்டது. மறுத்து எழுத உள்ளூரில் ஓர் அச்சு இயந்திரம்கூட ஓடவில்லை. எண்ணிம நூலகத்தில் இதழ்களைத் தேடும்போது "அந்தத் திகதிக்கு இதழ் இல்லை" என்று வந்தால் அடுத்த திகதிக்குத் தாவிவிடாதீர்கள். ஏன் இல்லை என்று கேளுங்கள்.

இனி எங்கள் பக்கம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அப்போது நான் பத்திரிகையில் சேரவில்லை, வாசகன் மட்டுமே. சோனகத் தெருவில் கதவுகள் திறந்தபடி கிடந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் போனேன். அதைக் கண்டித்து ஒரு தலையங்கத்தையும் நான் அன்று வாசிக்கவில்லை. பிறகு பத்திரிகையில் சேர்ந்து மூன்றரை ஆண்டுகள் இருந்தபோதும் அதைப் பற்றி ஒரு மூலப்படியும் என் மேசைக்கு வரவில்லை, நானும் ஏன் வரவில்லை என்று எவரிடமும் கேட்கவில்லை. என் வகுப்பில் அருகில் அமர்ந்து படித்தவன் அந்தத் தெருவைச் சேர்ந்தவன்.

2024 பெப்ரவரி 15

சிறு குறிப்பு. 1995 செப்டெம்பர் 21 அன்று போர்ச் செய்திகளுக்கு முன்தணிக்கை விதிக்கப்பட்டது. மறுநாள் வடமராட்சி கிழக்கிலுள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்து பள்ளிப்பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வாரத்துக் கொழும்பு ஏடுகளையும் ஜூலை மாதத்து ஏடுகளையும் ஒப்பிடுங்கள். நவாலிக்குக் கிடைத்த ஆறாம் பத்திகூட நாகர்கோவிலுக்கு எப்படிக் கிடைத்தது அல்லது கிடைக்காமல் போனது என்பது உங்கள் ஆய்வுக்கு ஒரு தனி அத்தியாயம்.

2024 பெப்ரவரி 18, இரவு

தெற்கைப் பற்றி நான் நெடுங்காலம் தவறாக நினைத்திருந்தேன். 1996க்குப் பிறகு கொழும்பில் வேலை தேடி வந்து, சிங்களம் கற்று, ராவயவை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியபோதுதான், எங்களைப் பற்றி எங்கள் பத்திரிகையே எழுதத் துணியாத கேள்விகளைச் சிங்களத்தில் அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் என்று தெரிந்தது. செய்தியாளர் ரிச்சர்ட் டி சொய்சாவை 1990 பெப்ரவரியில் வீட்டிலிருந்து கொண்டுசென்று கொன்று கடலில் வீசியிருந்தார்கள். மொழி தெரியாத காரணத்தால் நாங்கள் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களைத் தனியே விட்டிருந்தோம்.

1997 மே மாதம் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 பாதையைத் திறக்க "ஜெயசிக்குறு" என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழும்பு ஏடுகளில் பாதை சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே இருந்தது. அந்தச் செய்திகளை மட்டும் கூட்டினால் இராணுவம் கிளிநொச்சியைக் கடந்து ஆனையிறவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். 1998 டிசெம்பரில் நடவடிக்கை கைவிடப்பட்டது. 1999 நவம்பரில் பிடித்த நிலத்தில் பெரும்பகுதி சில நாட்களில் புலிகளின் கைக்கு மாறியது. சண்டே ரைம்ஸ் பாதுகாப்புப் பத்தியில் இக்பால் அத்தாஸ் எழுதியதை வாசித்தவர்களுக்கு மட்டும் அது அதிர்ச்சியாக இருக்கவில்லை. 1998 பெப்ரவரியில் அவருடைய வீட்டுக்குள் ஆயுதங்களோடு ஆட்கள் நுழைந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் தணிக்கையும் வந்தது.

2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விழுந்த பிறகு, மே மாதத் தணிக்கைக் காலத்தில் சண்டே லீடர், பலாலிப் படைத்தளம் தாக்கப்படவில்லை என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் "நடக்கவில்லை" என்று எதிர்மறையில் எழுதியது. வாசகர் "இல்லை"யை நீக்கி வாசித்தார்கள். லீடரை மூடினார்கள், அதே மாதத்தில் யாழ்ப்பாணத்து நாளேடான உதயனும் மூடப்பட்டது. தணிக்கை அதிகாரியின் நியமனமே முறைப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றம் ஜூன் இறுதியில் லீடருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று, பட்டப்பகலில், அலுவலகம் போகும் வழியில் தாக்கப்பட்டு இறந்தார்.

2024 பெப்ரவரி 21, இரவு

2009 பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் கடைசிப் பக்கத்தை நம்பச் சொன்னேன். அந்தப் பக்கமே இல்லாமற்போன காலம் அது.

2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டன. சுதந்திரமான செய்தியாளர் எவரும் உள்ளே போக முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் உதயன் வந்துகொண்டிருந்தது. 2006 மே 2 இரவு அதன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றிருந்தார்கள், உலக ஊடக சுதந்திர நாள் நிகழ்வு மறுநாள் கொழும்பில் நடக்கவிருந்த வேளையில். இறுதி மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் எழுதியது. இவர்களுக்கு மரண அறிவித்தல் கொடுக்க வேண்டிய மனிதர்கள், அவர்கள் இறந்த அதே கடற்கரையில் பதுங்குகுழியில் இருந்தார்கள், பின்னர் முட்கம்பி முகாமில் இருந்தார்கள்.

அந்த அறிவித்தல்கள் பின்பு, ஒவ்வொரு மே மாதமும், நினைவஞ்சலியாக வரத் தொடங்கின. புகைப்படம் பெரும்பாலும் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. பிறப்புத் திகதி இருக்கும். இறப்புத் திகதியின் இடத்தில் சிலவற்றில் "2009 மே, முள்ளிவாய்க்கால்" என்று மட்டும் இருக்கும். சிலவற்றில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் திகதி எழுதினால் இறந்துவிட்டதாக ஆகிவிடும். தாயார் இன்னும் காத்திருப்பார். ஒப்புநோக்காளன் ஒருவன் அந்த வெற்றிடத்தைப் பிழை என்று குறித்திருந்தால், அதை அப்படியே விடும்படி யாரோ அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்.

2024 மார்ச் 3, காலை

ஓகஸ்ட் 8 முதல் 31 வரையான இதழ்களில் நீங்கள் தொகுத்த அறிவித்தல்களைப் பார்த்தேன். ஒரே வீட்டிலிருந்து மூன்று பெயர்கள் வருகிற இடத்தில் நீங்கள் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தலாம். சில நாள் கழித்துத் தொடருங்கள்.

என் முதற்குறிப்பில் இன்னொரு தவறும் இருக்கிறது. செய்தி எழுதும் உரிமை எனக்கு ஒருநாளும் இருக்கவில்லை என்று எழுதினேன். அது முழு உண்மையில்லை. செ. அவர்களின் தமையனார் வந்துபோன அன்று மாலை, செய்தி ஆசிரியர் ஒரு துண்டுத் தாளை என்னிடம் தந்து, "நீரே எழுதும்" என்றார். பட்டியலில் வந்த முன்னெழுத்துத் தவறு என்றும், சரியான பெயரும் ஊரும் இன்னவை என்றும், இரு குடும்பத்தாரிடமும் வருத்தம் தெரிவிக்கிறோம் என்றும் மூன்று வரி. அந்தப் பத்திரிகையில் நான் எழுதியது அது ஒன்றுதான். "தெரியவருகிறது" என்றோ "தெரிவிக்கப்படுகிறது" என்றோ அதற்கு வால் போடவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே மழையில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது வீட்டிலிருந்த பழைய இதழ்களை எடுத்துவர முடியவில்லை. ஜூலை 13 அல்லது 14 ஆம் திகதி இதழாக இருக்க வேண்டும். உள்பக்கத்தில், சந்தை விலைப் பட்டியலுக்குக் கீழே. பக்கம் கிடைத்தால் அந்த மூன்று வரிகளில் முன்னெழுத்துச் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள். அன்றிரவு அதன் அச்சுப்படியைப் பிழை பார்த்தவர் வேறொருவர், என்னை விடவில்லை.